மூலை கறுத்து வந்த படம்

யாராவது ஒரு புகைப்படத்தை என் கையில் கொடுத்தால் நான் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். கல்யாணப் படமானாலும் சரி, கைக்குழந்தை படமானாலும் சரி. என் மருமகள் சிரிப்பாள். "படம் இந்தப் பக்கம் இருக்கு அத்தை" என்று திருப்பித் தருவாள்.

இப்போது போனில் வருகிற படங்களுக்குப் பின்பக்கமே கிடையாது. போன வாரம் என் மகன் அவன் போனில் ஒன்றைக் காட்டினான். சீமையில் அந்தக் காலத்தில் ஓடிய ரயில்களின் படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பி, இது எந்த ஊர் ஸ்டேஷன், இது எந்த இன்ஜின் என்று பேசிக்கொள்வதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறதாம். விரலால் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தான். ஒரு படத்தில் இன்ஜின் முகத்தில் வட்டமாக ஒரு பூ வளையம் தொங்கியது. "நிறுத்துப்பா" என்றேன். "இதை எடுத்தது யாருன்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

என் வயதை ஒத்த உங்களுக்குப் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதுவது அதைவிடக் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

நம் பக்கத்தில் அப்போது துக்கச் செய்தி எப்படி வரும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணக் கடிதம் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வரும். சாவுக் கார்டு மூலையில் கறுப்பு மை பூசி வரும். கறுப்பைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். யார் என்று தெரிந்துகொண்டதும் கார்டைக் கிழித்து எறிந்து, தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார்கள். அந்தக் கார்டை வைத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொருவர் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் மாட்டார்கள்.

இதை மறந்துவிடாமல் மேலே வாசியுங்கள்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில். மழை பெய்தால் பருத்தி, பொய்த்தால் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த சமயத்தில்தான் எங்கள் பக்கம் ரயில் வந்தது. முதல் நாள் இன்ஜினுக்கு வாழைமரம் கட்டி, கதம்ப மாலை போட்டு, நெற்றியில் சந்தனமும் அப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே எங்கள் வீட்டில் ரயில் இருந்தது. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள்.

டப்பா சித்தியுடையது. சித்தி என்றால் என் அப்பாவுடைய தம்பியின் மனைவி. சித்தப்பா கல்யாணமான மறு வருசமே சிலோனுக்குப் போனவர். அங்கே தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் வீட்டில் சமையல் வேலை. துரை சீமைக்குத் திரும்பும்போது, இவர் வைக்கிற மீன்குழம்பை விட்டுப் பிரிய மனமில்லாமல் இவரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருசத்தில் துரை இறந்துபோனார். சித்தப்பா அந்த ஊர் ரயில்வேயில் இன்ஜின் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். நான் பிறந்தபோதே அவர் ஊரில் இல்லை.

சித்தப்பா எழுத்துக்கூட்டி வாசிப்பார். எழுத வராது. ஆரம்பத்தில் ஒரு சிலோன்காரர் எழுதிக்கொடுத்து மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்ததாம். அவர் வேறு ஊருக்குப் போய்விட, கடிதம் நின்றது. பிறகு படங்கள் வரத் தொடங்கின. சித்தப்பாவோடு வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு ரயிலைப் படம் எடுப்பதில் பைத்தியம். அவர் எடுத்துக் கொடுத்ததை இவர் உறையில் போட்டு அனுப்பிவிடுவார். படம் முழுவதும் இன்ஜின்தான். சக்கரத்துக்குப் பக்கத்தில், கையில் அழுக்குத் துணியோடு, என் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சித்தப்பா நிற்பார். பின்பக்கம் வெள்ளைக்காரர் பென்சிலால் இங்கிலீசில் ஏதாவது இரண்டு வரி எழுதியிருப்பார்.

அந்த இரண்டு வரியை வாசிக்கத்தான் திருச்சுழி ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனோம். மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். முதல் படத்தைக் கையில் வாங்கியதுமே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அதிலிருந்து புதுப்படம் வந்தால், சாயங்கால வண்டி போனபிறகு அப்பாவும் பெரியப்பாவும் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள். சித்தி ஸ்டேஷன் குழாயடியில் குடத்தோடு நிற்பாள். நான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில்.

"ஏன் சார், முன்னால மாடு தள்ளுற கம்பியவே காணமே?" என்றார் அப்பா ஒரு நாள்.

"அங்கே லைனுக்கு ரெண்டு பக்கமும் வேலி போட்டிருப்பான். மாடு உள்ளே வராது."

"மாடே வராதா? அப்பப் பாலுக்கு என்ன செய்யிறான்?" இது பெரியப்பா.

"மாடு இருக்கு ஐயா. வேலிக்கு அந்தப் பக்கம் மேயும்."

"சொன்ன பேச்சக் கேக்குற மாடு போல. நம்ம ஊருல மனுசனே கேக்க மாட்டேங்கிறான்."

இன்னொரு படத்தில் தண்டவாளம், கூரை, மரம் எல்லாம் வெள்ளையாக மூடிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, லோடு கட்டுனவன் எவன்லே? இம்புட்டுப் பஞ்சையுமா சிந்திக்கிட்டுப் போவான்!"

"பஞ்சு இல்லை ஐயா. பனி."

"பனின்னா விடியக்காலம் புல்லுல இருக்கும் சார். கூரை மேல மெத்தையாட்டமா கெடக்கும்?"

கடைசி வரை அவர் நம்பவில்லை. ஊரில் எல்லோரிடமும், தம்பி இருக்கிற ஊரில் பஞ்சை வாரி இறைக்கிறார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழாயடியிலிருந்து சித்தி என்னைக் கண்ணால் கூப்பிடுவாள். "இளைச்சிருக்காகளான்னு கேளு தாயி" என்பாள். நான் போய் அப்பாவின் காதில் சொல்வேன். அப்பா மாஸ்டரிடம் கேட்பார். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என்னிடம், "முகம் அவ்வளவு தெளிவா விழலையேம்மா" என்பார். எத்தனை சக்கரம், எந்தப் பட்டறையில் செய்தது, எவ்வளவு வேகம் போகும், எல்லாம் அவருக்கு அந்தப் படத்தில் தெரியும். சித்தி கேட்ட ஒன்று மட்டும் தெரியாது. சித்தி வீட்டுக்கு வந்து படத்தை வெயிலில் பிடித்து, நகத்தை அந்தச் சின்ன உருவத்தின் காலடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பாள். "தோளு எறங்கிருச்சு" என்பாள். அல்லது, "சட்டை புதுசு." அவ்வளவுதான்.

மாஸ்டர் வீட்டம்மாவுக்கு என்னைப் பிடிக்கும். நான் வாய் திறக்காத பிள்ளை என்பதால் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் வீட்டில் ஒரு தடிமனான ஆல்பம் இருந்தது. கறுப்புத் தாளில் சின்னச் சின்னதாக முக்கோண உறைகள் ஒரு டப்பாவில் வைத்திருப்பார்கள். படத்தின் நான்கு மூலையையும் அந்த உறைக்குள் செருகி, உறையின் முதுகை நாக்கில் நனைத்து ஆல்பத்தில் ஒட்ட வேண்டும். நனைத்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பிசின் முதலில் இனிக்கும், பிறகு நாக்கின் ஓரத்தில் கசக்கும். வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன், ஆல்பம் என்று ஒன்று இருக்கிறது, படத்தின் மூலைக்குக் கறுப்புச் சட்டை போடுகிறார்கள் என்று. சித்தி, "நாக்கக் காட்டு" என்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். நாக்கு கறுத்திருந்தது.

அந்தச் சமயத்தில் வந்த ஒரு படம் வழியில் எங்கேயோ மடங்கியிருந்தது. மூலையிலிருந்து ஒரு வெடிப்பு சரியாகச் சித்தப்பாவின் முகத்துக்குக் குறுக்கே போயிருந்தது. சித்தி தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு, "கடுதாசி எழுது" என்றாள். அதுவரை கடிதம் எழுதுவது அப்பா. சித்தி தானாக எழுதச் சொன்னது அதுதான் முதல்முறை. அப்பா எழுதினால் அவள் வாயைத் திறந்து அவரிடம் சொல்ல வேண்டுமே. நான்தான் எழுதினேன். மழை இல்லை, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது என்றெல்லாம் எழுதி, கடைசியில் அவள் சொன்னபடியே இதையும் எழுதினேன்: 'படம் மூலை மடங்கி உங்கள் முகத்தில் கோடு விழுந்துவிட்டது. இனிமேல் மூலை மடங்காமல் அனுப்பவும்.' மேல்விலாசத்தை மாஸ்டர் இங்கிலீசில் எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பத்து மாதம் ஒன்றும் வரவில்லை.

பத்து மாதம் என்பது சித்தி கணக்கு. ஒவ்வொரு நாளும் போஸ்ட்மேன் சைக்கிள் எங்கள் தெருமுனையில் திரும்பாமல் போகும். பெரியப்பா வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். "உசிரோட இருக்கிறவன் பத்து மாசம் சும்மா இருப்பானா? கடல் தாண்டின ஊரு. என்ன ஆச்சோ." அவர்தான் சித்தப்பாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர். பயம் அவருக்குள் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. படம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பருத்தி எடுத்து முடிந்து, காய்ந்த செடி மாரைப் பிடுங்கி முற்றத்தில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போஸ்ட்மேன் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். மூத்தவர் என்பதால் பெரியப்பாதான் பிரித்தார். பாதிவரை வெளியே இழுத்தவர் கை அப்படியே நின்றது.

படத்தின் நான்கு மூலையும் கறுப்பு.

கையை உதறியதில் படம் மண்ணில் விழுந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு பெரிய இன்ஜின். அதன் முகத்தில் வட்டமாக ஒரு பூ வளையம். இரண்டு பக்கமும் கறுப்புக் கோட்டுப் போட்ட ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. சித்தி மண்டியிட்டு ஒவ்வொரு முகமாகத் தேடினாள். சித்தப்பா எங்கேயும் இல்லை.

"மால போட்டுருக்கேண்ணே" என்றார் அப்பா. "நம்ம ஊருக்கு ரயிலு வந்தன்னைக்கும் போட்டாகளே. ஏதோ திறப்பு விழாவா இருக்கும்."

"இது மாலையா? வளையத்தப் பாரு. டவுனு ஆஸ்பத்திரியில செத்த டாக்டரு மேல வச்சாகளே, அது. தொப்பிய ஏன் கழட்டிட்டு நிக்கான்? மூலை ஏன் கறுத்திருக்கு? தம்பி எங்க?" ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, பெரியப்பா மாரு அடுக்கின் மேல் சரிந்து உட்கார்ந்து, "அடேய், அடேய்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

தெரு கூடிவிட்டது. அம்மா சித்தியைப் பிடித்துக்கொண்டாள். சித்தி அழவில்லை. அவள் படத்தை எடுத்து, கறுப்பு மூலையை நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

"இது மையி இல்ல" என்றாள்.

பெரியப்பா முன்னால் சித்தி பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. அழுகை நின்றது.

"மையி இல்ல மாமா. தாளு. நகத்துல தட்டுப்படுது பாருங்க. மாஸ்டரு வீட்டுல படத்துக்கு இப்படித்தான் மாட்டி வப்பாகளாம். இந்தப் புள்ள பாத்துருக்கு." என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு தாயி. அங்க பாத்தது இதுதான?"

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதுதான். அதே அளவு, அதே மடிப்பு. எத்தனை நனைத்துக் கொடுத்திருக்கிறேன்.

தெருவே என்னைப் பார்த்தது. பெரியப்பா கண்ணீரோடு பார்த்தார். அப்பா பார்த்தார். போஸ்ட்மேன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். என் நாக்கில் அந்தப் பிசின் ருசி வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே கட்டிக்கிடந்த ஆடு ஒன்று மாரு அடுக்கிலிருந்து ஒரு காய்ந்த இலையை உருவித் தின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லும்மா" என்றார் பெரியப்பா. மிரட்டவில்லை. கெஞ்சுகிற குரல்தான் அது. இப்போது நினைத்துப் பார்க்கிறேன், நான் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்றுதான் அவரும் கேட்டிருக்கிறார்.

நான் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

"புள்ளைக்குத் தெரியல" என்றார் பெரியப்பா. "பாவம், ஆசையில பேசுறா."

"மாஸ்டருகிட்டக் காட்டுனா என்ன?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"மாஸ்டரு மக பிரசவத்துக்கு லீவுல போயிட்டாரு" என்றார் போஸ்ட்மேன். "புதுசா ஒருத்தரு வந்துருக்காரு."

"முன்னப்பின்ன தெரியாத மனுசன் வாசலுக்குத் துக்க ஓலையத் தூக்கிட்டுப் போறதா? வாத்தியாரு வீட்டுக்குப் போறதா? எவன் வாங்கி வாசிப்பான்?" என்றார் பெரியப்பா.  அது எங்கள் வழக்கம். படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கக்கூட ஒருவரும் நினைக்கவில்லை. கறுப்பைக் கண்டபின் வாசிக்க என்ன இருக்கிறது? பெரியப்பா அதைக் கிழிக்கக் கை நீட்டினார். சித்தி கொடுக்கவில்லை. மடியில் செருகிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகைக் கூரை இடுக்கில் ஒளித்துவைத்தாள். கிழித்துவிட்டதாக அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

பதினாறாம் நாள் ஊருணிக்கரையில் காரியம் நடந்தது. சித்தப்பாவின் பழைய வேட்டி ஒன்றை ஆளாக வைத்துச் செய்தார்கள். சித்தியை நடுவில் உட்காரவைத்துப் பெண்கள் வட்டமாக மறைத்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று என்னைத் துரத்திவிட்டார்கள். நான் கரைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலிக்கருவை மரத்தடியில் நின்று, "ஆமா, ஆமா, பாத்திருக்கேன், பாத்திருக்கேன்" என்று சத்தம் வராமல் சொல்லிப் பார்த்தேன். அப்போது நன்றாக வந்தது.

சித்தி வெள்ளைச் சேலையோடு வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

நாலு நாள் கழித்து மாஸ்டர் லீவு முடிந்து வந்துவிட்டார் என்று தெரிந்தது. சித்தி கொட்டகைக்குப் போய்ப் படத்தை எடுத்து என் பாவாடை மடிப்பில் செருகினாள். "போ" என்றாள்.  திருச்சுழி வரைக்கும் ஓடினேன். வழியெல்லாம் முள்.

மாஸ்டர் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அடடா, கடைசி வண்டியா!" என்றார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தார். வாசித்து முடித்தும் அவர் முகத்துச் சிரிப்பு போகவில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஏன் என்று கேட்டார். எனக்குச் சொல்ல வரவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, போர்ட்டரிடம் ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கே நடந்து வந்தார்.

வாசலில் நின்று சித்தியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். படத்தில் அந்த ஆட்கள் நின்ற மாதிரியே நின்றார். பிறகு வாசித்துச் சொன்னார். "அந்த ஊரிலே நீராவி இன்ஜினை எல்லாம் நிறுத்திட்டாங்க. டீசல் வந்தாச்சு. இது கடைசியா ஓடின வண்டி. இன்ஜினுக்கு மரியாதை பண்ணி மலர்வளையம் மாட்டியிருக்காங்க. 'இந்தப் படத்தை எடுத்தது நான் இல்லை, உங்கள் ஆள்தான். இன்றைக்குக் கேமராவை அவர் கையில் கொடுத்தேன். அவர் சுகம். ஊர் திரும்ப நினைக்கிறார்.' இவ்வளவுதான் எழுதியிருக்கு."

"இன்ஜினுக்கா?" என்றார் பெரியப்பா. "இன்ஜினு செத்ததுக்கா தொப்பியக் கழட்டிட்டு நின்னான்?"

"ஆமாம் ஐயா."

 தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோசம் பெரியப்பா முகத்தில் வந்தது. வந்த வேகத்திலேயே சித்தியைப் பார்த்ததும் போய்விட்டது.

"அப்ப இவ பொட்டு வச்சுக்கிறலாமா?" என்று அம்மா கேட்டாள்.

 "ஊரு முன்னால கழத்துனது. நம்ம இஷ்டத்துக்கு மாட்டிக்கிற முடியாது. அவன் வரட்டும். அவன் கையால கட்டட்டும்" என்றார் பெரியப்பா.

இதைச் சித்தப்பாவுக்கு எழுத வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டாள். "அம்புட்டுத் தூரத்துல தனியா இருக்கிற மனுசன், தான் செத்துப்போன சேதிய எதுக்குக் கேக்கணும்?" என்றாள். படத்தைத் துடைத்து மற்ற படங்களோடு டப்பாவில் வைத்தாள். புருசன் இருக்கிறான் என்று ஊர் முழுக்கத் தெரியும். ஆனாலும் கல்யாண வீட்டுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. காலையில் வெளியே போகிறவர்கள் அவள் எதிரே வந்தால் ஒரு நிமிசம் நின்று போனார்கள். பதினோரு மாதம் அப்படி.

சித்தப்பா ஒரு தை மாதம் சாயங்கால வண்டியில் வந்து இறங்கினார். வருகிறவரை வரவேற்க வெள்ளைச் சேலை முன்னால் நிற்கக்கூடாது என்று சித்தியைக் குழாயடியிலேயே நிற்கச் சொல்லியிருந்தார்கள். நானும் அவளோடு நின்றேன். கையில் தகரப் பெட்டியோடு ஒரு மெலிந்த மனிதர் இறங்கினார். பெரியப்பா கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினார். சித்தப்பா அவர் தோளுக்கு மேலாகப் பிளாட்பாரம் முழுவதும் தேடிக் குழாயடியில் கண்ணை நிறுத்தினார். நேராக நடந்து வந்தார். சித்தியின் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

"யாரு தவறிட்டா?" என்று கேட்டார்.

"நீங்கதான்" என்றாள் சித்தி.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "நானா?" என்று தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். ரேகைக்குள் எல்லாம் கரி ஏறிக் கிடந்தது. சித்தி அப்போதுதான் அழுதாள்.

காரியம் முடித்த ஆளை அப்படியே வீட்டுக்குள் விடக்கூடாது என்று ஊருணியில் முழுக்காட்டினார்கள். மறுநாள் கோயிலில் வைத்துச் சித்திக்கு மஞ்சள் கயிறு கட்டினார். கூட்டமில்லை. பெரியப்பா ஒதுங்கி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் சித்தப்பா பெட்டியைத் திறந்து ஒரு ஆல்பத்தை எடுத்தார். எல்லாம் ரயில். எல்லாப் படத்துக்கும் மூலைக்கு மூலை கறுப்பு உறை. பத்து மாதம் தகவல் இல்லாததால் ஊர் அப்படி நினைத்துவிட்டது என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்து மாதமும் இன்ஜின் ஷெட் மாற்றி ஷெட் வேலைக்கு அனுப்பிப் படாதபாடு படுத்திவிட்டார்கள் என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"படம் மடங்குதுன்னு எழுதியிருந்துச்சு" என்றார் சித்தப்பா, சித்தியைப் பார்த்து. "அதான் அந்தக் கடைசிப் படத்துக்கு நானே உக்காந்து நாலு மூலைக்கும் ஒறை மாட்டி அனுப்புனேன். நல்லா வந்து சேந்துச்சா?"

 பெரியப்பா எழுந்து வெளியே போனார். என் கையால் எழுதிய வரி எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் வந்தது. சித்தி என்ன சொல்லப் போகிறாள் என்று நான் அவள் வாயையே பார்த்தேன்.

"வந்துச்சு" என்றாள் சித்தி. "ஒரு மூலை கூட மடங்கல."

அதற்குப் பிறகு சித்தப்பா ஆறு வருசம் இருந்தார். நெஞ்சில் கரி கட்டிய இருமல். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, தூரத்தில் வண்டி சத்தம் கேட்டால் எத்தனை பெட்டி என்று சொல்லிக்கொண்டு இருந்தார். அவர் போனபோது சித்தி இரண்டாவது முறையாக ஊருணிக்கரையில் உட்கார்ந்தாள். ஒரே புருசனுக்கு இரண்டு முறை. அந்த முறை யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்று நான் ஏன் பேசவில்லை என்று சித்தி என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் கல்யாணமாகிவிட்டது. அவளுக்குப் பார்வை மங்கிய பிறகு ஒரு முறை ஊருக்குப் போயிருந்தபோது, டப்பாவை என் மடியில் வைத்து, "நீ வச்சுக்க" என்றாள். அந்தப் படத்தை எடுத்தேன். மூலையுறை ஒன்று உதிர்ந்து டப்பாவின் அடியில் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகச் சொன்னேன். "அன்னைக்கு எனக்குத் தெரியும் சித்தி. பாத்ததுமே தெரிஞ்சுருச்சு."

அவள் ஆச்சரியப்படவில்லை. என் பக்கம் கையை நீட்டினாள். நான் மூலையுறையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் அதன் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீ சொல்லியிருந்தாலும் கேட்டுருக்க மாட்டாக" என்றாள்.

நான் சரி என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருசம் கழித்து அது எனக்குப் போதும் என்று இருந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனாலும் நீ ஒரு தடவ தலைய ஆட்டியிருக்கலாம் தாயி."

அவளுக்குக் கண் தெரியாது. அப்போதுதான் ஆட்டினேன்.